நிலவறையும் நிலுவைக் கணக்கும்

சுவரில் ஈரம் ஏறுவதைத் தில்லியில் 'சீலன்' என்பார்கள். தமிழில் அதற்கு ஓதம் என்ற நல்ல சொல் இருக்கிறது. பழம் பாடல்களில் ஓதம் என்றால் கடல், அலை, வெள்ளம். வீட்டுச் சுவரில் அதே சொல் பழுப்பு நிறத் திட்டாக வந்து நிற்கும். முதுகலை வகுப்பில் ஓதத்தின் முதல் பொருளைப் படித்தேன். இரண்டாவது பொருளைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டு நிலவறைக்கு ரூ.2.63 லட்சம் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

தெற்கு தில்லியின் காலனிகளில் நிலவறை அதிசயம் அல்ல. நிலத்தின் விலை ஏற ஏற, மேலே கட்டியது போதாமல் கீழேயும் தோண்டினார்கள். 1980-களில் என் மாமனார் வீடு கட்டியபோது 25-க்கு 20 அடியில் பூமிக்குக் கீழே ஓர் அறை எழுப்பினார். வெயில் 44 டிகிரியைத் தொடும் மே மாதத்திலும் அங்கே விசிறி மட்டும் போதும். குளிர்காலத்து ரஜாய்கள், டிரங்குப் பெட்டிகள், மைத்துனர் குடும்பத்தின் பழைய தட்டுமுட்டுகள், என் அகராதிகள், நான் மொழிபெயர்த்த கட்டுரைகளின் கைப்பிரதிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

முதலில் தென்பட்டது வெள்ளை. சுவரின் அடியில் மாவு தூவியதுபோல் உப்பு பூத்தது. பிறகு காரை பொரிந்து உதிர்ந்தது. 2019-ல் ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். உட்புறமாக ரசாயனப் பூச்சு இரண்டு கை, மேலே பெயின்ட், ரூ.40,000, ஐந்து வருட உத்தரவாதம். சுவர் பளபளத்தது. இரண்டாவது வருடம் ஈரம் தரைத்தளத்துப் பூஜையறைச் சுவரில் தலைகாட்டியது. உத்தரவாதக் காகிதம் எங்களிடம் இருந்தது. அதில் இருந்த தொலைபேசி எண்ணை எடுக்க ஆள் இல்லை.

காரணம் எளிது. தண்ணீர் வெளியிலிருந்து சுவரைத் தள்ளுகிறது. உள்ளே பூசிய பூச்சை அந்த அழுத்தம் பின்னாலிருந்து பிய்க்கிறது. பூச்சு தாங்கினாலும் செங்கல் நனைந்தபடியே இருக்கிறது. வெளியேற வழியில்லாத ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. நோயை நாங்கள் மாடிக்குக் குடியேற்றியிருந்தோம்.

2024 ஜூன் 28 காலை அதன் அடுத்த கட்டம். அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது. விடிந்து பார்த்தால் நிலவறையில் ஒரு அடித் தண்ணீர். வீட்டில் எல்லோரும் வாளி எடுத்தோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கைப்பிரதிகள் கூழாகியிருந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு தரகர் வந்தார். அவர் சொன்ன யோசனையை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "சுவரை மறைத்து பிளாஸ்டிக் பலகை அடியுங்கள், தரைக்கு டைல்ஸ் போடுங்கள். போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வாசிப்பறையாக விடலாம். நாற்பது நாற்காலி, ஒரு ஏ.சி. மாதம் 35,000." என் கணவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். மூன்று மாத வாடகையில் செலவு திரும்பிவிடும். மகள் பிளஸ் டூ. அடுத்த வருடம் கல்லூரிக் கட்டணம் காத்திருந்தது. மொழிபெயர்ப்பில் வரும் பணம் மாதத்துக்கு மாதம் மாறும். திங்கட்கிழமை பதில் சொல்கிறோம் என்றோம். பதில் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஜூலை 27. அன்று மாலை பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து இரண்டு மாணவிகளும் ஒரு மாணவரும் இறந்தார்கள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வேறு மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள். வாகனம் நிறுத்தவும் பொருட்கள் வைக்கவும் மட்டுமே அனுமதி பெற்ற இடம் அது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற கேள்விதான் வந்தது. நான்கு வாரத்துக்கு முன் ஒரு அடித் தண்ணீரை வாளியால் இறைத்த அறை அது. வெளியேற ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு. இது தெரிந்தும் நாற்பது நாற்காலிக்கு இடம் அளந்துகொண்டிருந்தோம். திங்கட்கிழமை தரகருக்கு இல்லை என்றோம். வாடகை என்ற வரி எங்கள் கணக்கிலிருந்து அழிந்தது. செலவு அப்படியே நின்றது.

2025 மார்ச்சில் மறுபடி ஆட்களைக் கூப்பிட்டோம். ஒருவர் உட்பூச்சும் பலகையும் சேர்த்து ரூ.85,000 என்றார். இன்னொருவர் நாலு பக்கமும் தோண்டி சவ்வு ஒட்ட ரூ.4.6 லட்சம் என்றார். மூன்றாவதாக வந்தவர் பிகாரிலிருந்து வந்து முப்பது வருடமாகத் தில்லியில் கொத்து வேலை பார்க்கும் மிஸ்திரி. விலை சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "மழையே இல்லாத மாதத்திலும் சுவர் ஈரமா, பஹன்ஜி?"

ஈரம்தான். அப்படியானால் மழை மட்டும் குற்றவாளி அல்ல. தெற்கு தில்லியின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் மிக ஆழத்துக்குப் போய்விட்டது. எங்கள் நிலவறைக்கு அது எட்டி வர வழியில்லை. யமுனைக் கரையோரக் காலனிகளின் கதை வேறு. எங்களுடைய தண்ணீர் மேலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இரண்டு சோதனைகள் செய்தோம். இரண்டுக்கும் செலவு நூறு ரூபாய்க்குள். ஒன்று, பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் நாடா ஒட்டி இரண்டு நாள் விட்டோம். அறைப் பக்கம் நீர் கோத்தால் அது காற்றின் ஈரம்; ஜன்னலும் விசிறியும் போதும். சுவர்ப் பக்கம் கோத்தால் கசிவு. எங்களுக்குச் சுவர்ப் பக்கம். இரண்டாவது, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து சமையலறைத் தொட்டியில் ஊற்றினோம். மூன்றாம் நாள் கிழக்குச் சுவரில் நீலம் பூத்தது. பக்கச் சந்தின் கீழே ஓடும் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தது. எத்தனை வருடமாகவோ, நாங்கள் பாத்திரம் கழுவிய நீரெல்லாம் என் அகராதிகளின் முதுகில்தான் இறங்கியிருக்கிறது.

மழைக்காலத் தண்ணீருக்குக் காரணம் அதே சந்தின் தரை. வெளிப்பக்கம் சரிய வேண்டிய தளம் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது. மாடியின் மழைநீர்க் குழாயும் அங்கேயே கொட்டியது. நாலு பக்கம் தோண்ட வேண்டிய தேவையே இல்லை. ஒரு பக்கம் போதும்.

கணக்கு இது. குழாய்கள் மாற்ற ரூ.24,000. சந்துத் தளத்தை உடைத்துச் சரிவு மாற்றிப் போட ரூ.31,000. கிழக்குச் சுவரை வெளிப்புறம் தோண்டி, சவ்வு ஒட்டி, அதைக் காக்கக் கல் பதிக்க ரூ.1,12,000. உட்புறக் காரையை ஓதம் ஏறிய கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை கொத்தி எடுத்து மறுபடி பூச ரூ.38,000. மூலையில் சிறு குழியும் பம்பும் ரூ.18,000. மொத்தம் ரூ.2,23,000.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைப்புத்தொகை ஒன்றை உடைத்ததில் 90,000. தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் 'கமிட்டி'ச் சீட்டில் 60,000. மீதி 73,000-க்கு என் வளையல்கள் வங்கிக்குப் போயின. தனிநபர் கடனைவிட நகைக் கடனுக்கு வட்டி குறைவு. மகளின் கட்டணத்துக்கான சேமிப்பைத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு உண்டு. நாங்கள் புதிய முறைக்கு மாறியவர்கள். சொந்தக் குடியிருப்புக்கு அங்கே அது கிடையாது. சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22-ல். எங்கள் வேலை ஜூன் நடுவிலேயே முடிந்துவிட்டது. ஆனால் முப்பது மூட்டைக்கு அந்த வித்தியாசம் ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருக்காது. நாங்கள் இழந்த பெரும் பணம் 2019-ல் தவறான இடத்தில் பூசிய 40,000.

மிஸ்திரி இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். தோண்டுவதைத் துண்டு துண்டாகவே செய்தார். முழுச் சுவரையும் ஒரேயடியாகத் திறந்தால் அஸ்திவாரத்துக்குப் பக்கத் துணை போய்விடும். மண்ணை மூடுவதற்கு முன் குழாயை அடைத்து நீர் நிரப்பி ஒரு நாள் பார்த்தார். மைத்துனருக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அழகுபடுத்த ஆசை. "பாயி சாப், ஈரம் பட்டால் அது பிஸ்கட். முதலில் சுவர் காயட்டும்" என்று மறுத்துவிட்டார். நனைந்த செங்கல் காய மாதக் கணக்காகும்.

2025 மழைக்காலம் முழுவதும், பலத்த மழை பெய்த இரவுகளில் டார்ச்சுடன் கீழே இறங்கிப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. பெயின்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் சுவர் அவலட்சணமாகத்தான் இருக்கிறது.

அண்மையில் அந்தத் தரகர் எதிர்ப்பட்டார். "இப்போதுதான் சரிசெய்துவிட்டீர்களே, மேடம். வாசிப்பறைக்கு விடலாமே?" என்றார். படிக்கட்டு இன்னும் ஒன்றுதான் என்றேன். கீழே ரஜாய்களும் டிரங்குகளும் திரும்பிவிட்டன. அகராதிகளை மட்டும் மாடியில் வைத்திருக்கிறேன். வளையல்களுக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கி.