சண்டை மீனுக்கு உறைய வைத்த தீனி: பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம்

வண்ண மீன் வளர்க்கும் விவசாயிகளிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே மாதிரியான கேள்வி வருகிறது. "பைட்டர் மீனுக்கு உறைய வைத்த தீனியில் எது சத்து அதிகம்? எந்தக் கம்பெனி சரக்கு நல்லது?" என்று கேட்கிறார்கள். சென்னை கொளத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் வண்ண மீனுக்குப் பெயர் பெற்றவை. அங்கே மட்டுமின்றி, கிணற்றுத் தண்ணீர் குறைந்து பயிர் செய்ய முடியாத வேறு பல இடங்களிலும் நாலைந்து சிமெண்ட் தொட்டி கட்டி, ஆண் மீன்களைத் தனித்தனிப் பாட்டிலில் வைத்து விற்கும் சிறு குடும்பங்கள் இருக்கின்றன. இவர்கள் வரவில் பெரும் பகுதியைத் தீனி தின்று விடுகிறது. வெளிநாட்டுத் தீனி கொடுத்தால்தான் நிறம் ஏறும், விலை ஏறும் என்று வியாபாரிகள் சொல்வதை நம்பிக் கடன் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு. ஆகவே என் அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த மீனின் வயிற்றைப் புரிந்து கொள்ள வேண்டும். சண்டை மீன் தாய்லாந்து நாட்டு நெல் வயல்களிலும் ஆழமில்லாத வாய்க்கால்களிலும் வாழ்ந்து வந்த மீன். 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயலில் அது தின்றது கூத்தாடிப் புழு, தண்ணீரில் விழும் சிறு பூச்சி, துள்ளித் திரியும் மொய்னா, டாப்னியா போன்ற நுண்ணிய உயிர்கள். அதாவது இது மாமிசம் தின்னும் மீன். குடல் குட்டையானது. கெண்டைக்குப் போடுவது போல் தவிடும் பிண்ணாக்கும் போட்டால் இது தேறாது. எனவே பூச்சித் தீனி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதை உறைய வைத்து விற்பதும் தவறான காரியமல்ல. எதை, எந்த நிலையில், எந்த மீனுக்கு வாங்குகிறோம் என்பதில்தான் பணம் வீணாகிறது.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, சிவப்பு நிற ரத்தப் புழு. கொசுவைப் போல் தோன்றும், ஆனால் கடிக்காத ஒரு ஈயின் புழு இது. இரண்டாவது ஆர்டீமியா என்னும் உப்பு நீர் இறால். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இது இயற்கையாக உண்டு. மூன்றாவது மொய்னா அல்லது டாப்னியா. மூன்றில் ரத்தப் புழுவுக்குத்தான் கிராக்கி அதிகம். சிவப்பாக இருக்கிறது, மீனும் பாய்ந்து தின்கிறது, ஆகவே மீனும் சிவக்கும் என்று நினைக்கிறார்கள்.

இது சரியல்ல. ரத்தப் புழுவின் சிவப்பு, நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினால் வருவது. அது மீனின் செதிலுக்குப் போய் நிறமாகத் தங்காது. மீனின் சிவப்பும் மஞ்சளும் ஏற உதவுவது கரோட்டினாய்டு என்ற வகைப் பொருள். மீன் அதைத் தானே உண்டாக்கிக் கொள்ள முடியாது, தீனி மூலம்தான் வர வேண்டும். பச்சைப் பாசியைத் தின்று வளர்ந்த மொய்னாவிலும் ஆர்டீமியாவிலும் அது இருக்கிறது. நீல நிறமோ தீனியால் வருவதே அல்ல. செதிலில் உள்ள நுண்ணிய படிகங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தெரிவது. அது வம்சத்தைப் பொறுத்தது. நீல மீனுக்கு நிறம் ஏற்றும் தீனி என்று யாராவது விற்றால் விலகிக் கொள்ளுங்கள்.

ரத்தப் புழுவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதில் புரதம் நிறைய உண்டு. இனப்பெருக்கத்துக்கு விடுமுன் தாய் மீனையும் தந்தை மீனையும் தேற்றுவதற்கு வாரம் இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். தினமும் அது ஒன்றே கொடுத்தால் வயிறு உப்பி, மலம் கட்டி, மீன் பக்கவாட்டில் சாய்ந்து நீந்தும். மொய்னாவும் டாப்னியாவும் ஓட்டுடன் இருப்பதால் நமக்குக் கீரை எப்படியோ அப்படிக் குடலைச் சுத்தம் செய்யும். ஆகவே மொய்னாவை அன்றாடச் சாப்பாடாகவும் ரத்தப் புழுவைப் பண்டிகைப் பலகாரமாகவும் வைத்துக் கொள்வதே நல்லது. வளர்ந்த ஆர்டீமியா இடைப்பட்டது. பட்டினி கிடந்து உறைந்ததாக இருந்தால் அதில் ஓடும் தண்ணீரும்தான் மிச்சம். பாசி ஊட்டி உறைய வைத்தது என்று அட்டையில் போட்டிருந்தால் வாங்கலாம்.

அட்டை என்றதும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். உறைய வைத்த தீனி அட்டையில் புரதம் 6 சதவிகிதம், ஈரம் 88 சதவிகிதம் என்று போட்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். பக்கத்தில் உள்ள குறுணைத் தீனி டப்பாவில் புரதம் 40 சதவிகிதம், ஈரம் 10 சதவிகிதம். பார்த்தவுடன் குறுணைதான் பல மடங்கு சத்து என்று தோன்றும். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். உறைந்த தீனியில் 100 கிராமுக்கு 12 கிராம்தான் காய்ந்த சரக்கு. அதில் 6 கிராம் புரதம், அதாவது சரிபாதி, 50 சதவிகிதம். குறுணையில் 90 கிராம் காய்ந்த சரக்கில் 40 கிராம் புரதம், அதாவது சுமார் 44 சதவிகிதம். தரத்தில் உறைந்த தீனி ஒரு படி மேல்தான். ஆனால் 100 கிராம் காசு கொடுத்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போவது 12 கிராம் சரக்கும் 88 கிராம் தண்ணீரும். இதைத் தெரிந்து கொண்டு விலை பேச வேண்டும். ஒரு பாளத்தை வாங்கி வந்து உருக்கி, துணியில் வடித்து, மிஞ்சியதைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு கடைச் சரக்கை இப்படி நிறுத்தால் எந்தக் கடை ஐஸ் விற்கிறது, எந்தக் கடை புழு விற்கிறது என்று தெரிந்து விடும்.

இதைவிட முக்கியமானது, சரக்கு வழியில் உருகி மறுபடி உறைந்ததா என்பது. புழுவின் உடம்பில் உள்ள தண்ணீர் மெதுவாக உறையும்போது பெரிய பனி ஊசிகளாகி உள்ளே இருக்கும் கண்ணறைகளைக் கிழிக்கிறது. வேகமாக உறைந்தால் ஊசிகள் சிறியவை, கிழிசலும் குறைவு. உருகினால் கிழிசல் வழியாகச் சத்துச் சாறு வெளியே ஓடுகிறது. மறுபடி உறைந்தால் இன்னும் கிழிகிறது. இரண்டு முறை உருகிய புழுவில் மிஞ்சுவது வெறும் தோல். தவிர, குளிரில் கிருமிகள் தூங்குமே தவிர எல்லாம் சாவதில்லை. உருகிய நேரத்தில் பெருகிவிட்டு மறுபடி தூங்கப் போகும்.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். கட்டிகள் அச்சுக் குழியில் சமமாக நிரம்பி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து உறைந்திருந்தாலும், பையின் மூலையில் சிவப்புச் சாறு தனியே உறைந்திருந்தாலும், உள்ளே பனித் தூள் கொட்டிக் கிடந்தாலும் வேண்டாம். சிவப்பு மங்கிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆகியிருந்தாலும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு கட்டியை வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். புழு முழுதாக, உருண்டையாக நின்றால் நல்லது. தோல் தோலாக மிதந்து தண்ணீர் கலங்கினால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

பாட்டிலில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் கவலைக்குரியது. பெரிய தொட்டியில் கொஞ்சம் சாறு கலந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு லிட்டர் பாட்டிலில் அதே சாறு அழுகி அம்மோனியாவாக மாறி மீனைப் பாதிக்கும். இந்த மீன் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியது என்பதால் அழுக்குத் தண்ணீரிலும் உடனே சாகாது. அதனால்தான் வளர்ப்பவருக்கு விஷயம் தாமதமாகத் தெரிகிறது. துடுப்பு ஓரம் கரைந்து மீன் விலை போகாமல் நிற்கும்போது தண்ணீரையும் விதியையும் குறை சொல்கிறோம். உறைந்த கட்டியை அப்படியே பாட்டிலில் போடக் கூடாது. ஒரு கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீரில் உருகவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புழுவை மட்டும் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே போதும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். உருகி மிஞ்சிய தீனியை மீண்டும் பிரீசரில் வைக்க வேண்டாம். ரத்தப் புழுவைக் கையாளும் சிலருக்குத் தும்மல், தோல் அரிப்பு, மூச்சுத் திணறல் வருவதுண்டு. கையுறை போட்டுக் கொள்வது நல்லது. வீட்டுச் சமையல் பாத்திரத்தைப் புழங்க வேண்டாம்.

சாக்கடைச் சேற்றிலிருந்து எடுக்கும் டியூபிபெக்ஸ் புழுவையும் சிலர் உறைய வைத்து விற்கிறார்கள். விலை மலிவு. சாக்கடையில் ஓடும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அந்தப் புழுவின் உடம்பில் சேர்ந்திருக்கும். பிரீசரில் வைத்தாலும் அவை போகாது. தாய் மீனுக்கு இதைக் கொடுப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக் கொள்ள மாட்டேன்.

இவ்வளவும் விலை கொடுத்து வாங்குவதைப் பற்றி. ஏன் வாங்க வேண்டும் என்பது என் அடுத்த கேள்வி. தாய்லாந்தில் இந்த மீனைப் பெருவாரியாக உற்பத்தி செய்யும் நக்கோன் பதோம் பகுதியில் மொய்னாதான் முக்கியத் தீனி. மொய்னா நம் ஊரிலும் நன்றாக வரும். தொட்டியில் தண்ணீரைப் பச்சை ஏறவிட்டு, ஊறிய கடலைப் பிண்ணாக்குக் கரைசல் சிறிது சேர்த்து விதை மொய்னாவை விட்டால் ஒரு வாரத்தில் பொங்கி வரும். வந்த வேகத்தில் அடுத்த சில நாட்களில் படுத்தும் விடும். தக்காளி மாதிரிதான், வந்தால் கூடைகூடையாக, இல்லையென்றால் ஒன்றுமில்லை. பொங்கி வரும் நாளில் அறுவடை செய்து உறைய வைப்பதே இதற்கு வழி. இந்த வேலைக்கு வீட்டு பிரிட்ஜே போதும்.

மெல்லிய வலையில் வாரி, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, துணியில் நன்றாக வடியவிட வேண்டும். பாலிதீன் பையில் போட்டு அடை தட்டுவது போல் மெல்லியதாகப் பரப்பிக் காற்றை வெளியேற்றிக் கட்ட வேண்டும். மெல்லியதாக இருந்தால்தான் வேகமாக உறையும். காரணம் மேலே சொல்லியாயிற்று. பாதி உறைந்ததும் கத்தியின் பின்புறத்தால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்தால் பிறகு ஒரு வேளைக்கு ஒரு துண்டு ஒடித்துக் கொள்ளலாம். தேதியை எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரி குளிர் இருக்கும் பெட்டியானால் இரண்டு மூன்று மாதம் வைத்துக் கொள்ளலாம். வீட்டு பிரிட்ஜின் மேல் அறை அவ்வளவு குளிர் இறங்காது என்றால் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது உத்தமம். குளிரிலும் கொழுப்பு மெல்ல மெல்லச் சிக்கடிக்கும்.

மொய்னாத் தொட்டிக்கு வலை போட்டு மூடுவதை மறக்க வேண்டாம். இல்லையேல் கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்து போகும். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய தண்ணீரில்தான் பெருகுகிறது. வலையை மீறிக் கூத்தாடிப் புழு வந்துவிட்டால் அதையும் வாரி உறைய வைத்து விடுங்கள். மீனுக்கு அது முதல்தரமான தீனி. அதற்காகவே கொசுவை வளர்ப்பது மட்டும் கூடாது.

மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்களுக்கு ஒரு சிறு உபாயம். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி பிரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து அங்கேயே விட்டுவிடுங்கள். வெளியூர் போய்த் திரும்பியதும் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் சரி. உள்ளே இறங்கி உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தத் தீனி எருக்குழிக்குத்தான்.

குஞ்சுகளுக்கு உறைந்த தீனி உதவாது. பொரித்து, நீந்தத் தொடங்கும் குஞ்சு அசையும் இரையைத்தான் கவ்வும். அதற்கு முதலில் நுண்ணுயிர்த் தண்ணீர், பிறகு அப்போது பொரித்த ஆர்டீமியா, பிறகு உயிருள்ள சிறு மொய்னா என்று போக வேண்டும். ஆர்டீமியாவைப் பொரித்தவுடன் கொடுப்பதே மேல். நேரம் ஆக ஆக அது தன் கருவுணவைத் தானே தின்று தீர்த்துவிடும்.

விற்பனைக்குப் போகும் மீனுக்கு இன்னொரு விஷயம் உண்டு. அதை வாங்குகிற வீட்டில் பெரும்பாலும் குறுணைத் தீனிதான் இருக்கும். புழுவே தின்று பழகிய மீன் அங்கே போய்ச் சில நாட்கள் வாயைத் திறக்காது. வாங்கியவர் மீன் நோயாளி என்று கடைக்காரரிடம் போவார், கடைக்காரர் உங்களிடம் வருவார். ஆகவே அனுப்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே காலையில் பசியோடு இருக்கும்போது குறுணை, மாலையில் மட்டும் மொய்னா என்று மாற்றி, கடைசி மூன்று நாள் குறுணை மட்டும் கொடுத்துப் பழக்கி அனுப்புங்கள்.