வாய்வார்த்தை வாடகை

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைச்சு ட்ராஃப்டிலேயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால இப்போ எழுதியாச்சு. வாடகை வீட்டில் இருக்கிற மக்களும், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற மக்களும் பொறுமையாகப் படிங்க. மத்தவங்களும் படிக்கலாம், என்னைக்காவது ரெண்டில் ஒரு பக்கம் வந்துதான் ஆகணும் :-)

(டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். புது மென்பொருளுக்கு மேனுவல் படிக்கிற மாதிரி உட்கார்ந்து சட்டத்தைப் படிச்சேன், அவ்வளவுதான். கோர்ட் வரைக்கும் போகிற விவகாரம்னா நல்ல வக்கீலைப் பாருங்க.)

இந்த விஷயத்தில் நான் ரெண்டு பக்கமும் நிற்கிறவன். சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கேன். திருச்சியில் எங்க வீட்டு மாடிப் போர்ஷனை அப்பா வாடகைக்கு விட்டிருக்கார். அதனால ஹவுஸ் ஓனர்களைத் திட்டித் தீர்க்கிற பதிவா இதை எடுத்துக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். ஒப்பந்தம், ரசீது, நோட்டீஸ் இதையெல்லாம் எழுத்தில் கொடுப்பதை, ஏதோ குடியிருக்கிறவனுக்குச் செய்கிற சலுகை மாதிரி நம்ம ஊர்ல நினைக்கிறாங்க. உண்மையில் அந்தக் காகிதம் வீட்டுக்காரருக்குத்தான் முதல் பாதுகாப்பு.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒண்ணு ரொம்ப காலம் இருந்தது. அதை ரத்து செய்துட்டு, 2017இல் நிறைவேற்றின புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிற சட்டம். முழுப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கும்.

அதில் இருக்கிற முக்கியமான சங்கதிகள்:

- வாடகைக்கு விடணும்னா எழுத்தில் ஒப்பந்தம் இருக்கணும்.

- அந்த ஒப்பந்தத்தை ரெண்ட் அத்தாரிட்டி என்கிற வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருக்கிற அதிகாரி இவர். பதிவு ஆனதும் ஒரு எண் கொடுப்பாங்க.

- ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட 15 நாளுக்குள், ஒரு அசல் பிரதியைக் குடியிருப்பவருக்குக் கொடுக்கணும். ஜெராக்ஸ் இல்லை, அசல்.

- வாடகையை ஏத்தறதா இருந்தா ஒப்பந்தத்தில் இருக்கிறபடிதான் ஏத்தணும். அதில் ஒண்ணும் சொல்லலைன்னா, மூணு மாசம் முன்னாடியே எழுத்தில் நோட்டீஸ்.

- வீட்டுக்குள்ள வந்து பார்க்கணும்னாகூட 24 மணி நேரம் முன்னாடி, காரணம், நாள், நேரம் எல்லாம் சொல்லி நோட்டீஸ் கொடுக்கணும். சாவி கையில இருக்குன்னு ஞாயித்துக்கிழமை காலையில் திறந்துக்கிட்டு வர முடியாது.

- என்ன சண்டையா இருந்தாலும் தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது.

- ஒப்பந்தக் காலம் ஓடிக்கிட்டு இருக்கும்போது, சட்டத்தில் சொல்லியிருக்கிற காரணமும் வாடகை நீதிமன்றத்தோட உத்தரவும் இல்லாம யாரையும் வெளியேத்த முடியாது.

படிக்கும்போது நல்லாத்தான் இருக்கு இல்லையா? இப்போ தெருவுக்கு வருவோம்.

என்னோட ரூம்மேட் முன்னாடி வேற வீட்டில் மூணு வருஷம் இருந்தான். ஒப்பந்தம் முதல் 11 மாசத்துக்கு மட்டும் போட்டது, அதுக்கப்புறம் புதுப்பிக்கவே இல்லை. ஒருநாள் ஓனர் போன் பண்ணி, "தம்பி, பொண்ணு குடும்பத்தோட ஊருக்கே வந்துடறா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடுப்பா"ன்னார். மாசக் கடைசிக்கு அப்போ 10 நாள்தான் இருந்தது. "சார், ரெண்டு மாசம் டைம் குடுங்க சார்"னு கேட்டிருக்கான். "நான்தான் போன்ல சொல்லிட்டேனே"ன்னு பதில். அடிச்சுப் பிடிச்சு காலி பண்ணினான். அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பெயின்டிங்னு பிடிச்சுக்கிட்டு, மீதியை மூணு தவணையில் கொடுத்தார். ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பக்கம் போனா, கேட்டில் டூலெட் போர்டு தொங்குது. வாடகை மூவாயிரம் அதிகம்.

இதில் அவன் யார்கிட்ட போய் என்னத்தைக் காட்டுவான்? நோட்டீஸ் போன்ல வந்தது. எத்தனை நாள் அவகாசம் என்பதற்கு சாட்சி இல்லை. வாடகை ரொக்கம், ரசீது இல்லை. சட்டம் அவன் பக்கம் இருந்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

மாநிலச் சட்டத்தை விடுங்க. 1882ஆம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே, வேற ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுக்கணும், அதுவும் எழுத்தில் கையெழுத்தோட கொடுக்கணும்னு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நாம போன்ல முடிச்சுக்கிறோம்.

சரி, இப்போ எதிர்ப்பக்கம். எங்கப்பாகிட்ட, "மாடி வீட்டுக்கு அக்ரிமென்ட் போட்டுப் பதிவு பண்ணிடலாம்ப்பா"ன்னு சொன்னதுக்கு அவர் சொன்ன பதில்: "எழுத்துல குடுத்தா நாளைக்கு வீடே எனதும்பான்டா." அவரோட வாக்கிங் நண்பர்கள் மொத்தப் பேரும் இதே கட்சி.

இந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். பழைய 1960 சட்டத்தின் கீழே, சொற்ப வாடகையில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையா உட்கார்ந்த கதைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஆனா அந்தச் சட்டம் இப்போ இல்லை. இருக்கிற சட்டத்தில் பார்த்தா விஷயம் நேர் தலைகீழ். ஒருத்தர் 'நான் வாடகைதாரர்'னு கையெழுத்து போட்டுட்டா, அந்தக் குடியிருப்பு நடக்கிற காலத்தில், வாடகை ஆரம்பிச்சப்போ வீடு உங்களுடையது இல்லைன்னு அவரால் வாதாட முடியாது. சாட்சியச் சட்டமே அதைத் தடுக்குது. அடுத்தவன் சொத்தில் 12 வருஷம் வெளிப்படையா, உரிமையாளருக்கு எதிரா இருந்து அனுபவ பாத்தியதை கேட்கிற கதையும், 'அனுமதியோடு வாடகைக்கு இருக்கார்'னு ஒப்பந்தம் இருந்தா நிற்காது. அப்பா எதைக் கண்டு பயப்படறாரோ, அதுக்கு மருந்தே அந்தக் காகிதம்தான்!

வாடகை கொடுக்காம இழுக்கிறவங்க விஷயத்திலும் இதே கதைதான். ரெண்டு மாச பாக்கி நின்னு, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னா, வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கு. ஆனா வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் ஏத்தினோம், எத்தனை மாசம் பாக்கின்னு எதை வெச்சு நிரூபிப்பீங்க? நோட்டுப் புத்தகத்தில் பென்சில்ல எழுதி வெச்ச கணக்கையா?

அடுத்த பயம், "இன்கம்டாக்ஸ்காரன் வருவான்." கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாசம் 8,000 வாடகைன்னா வருஷத்துக்கு 96,000. கட்டின சொத்து வரியைக் கழிச்சுக்கலாம். மீதியில் 30 சதவீதத்தைச் சட்டமே கழிவாகக் கொடுக்குது. கிட்டத்தட்ட 67,000 கூட வராது. ஓய்வூதியத்தில் இருக்கிற பல பேருக்கு இதையும் சேர்த்தாலே வரி வராது. இல்லாத வரிக்குப் பயந்துக்கிட்டு இருக்கிற பாதுகாப்பை விடுறதில் என்ன லாபம்?

நம்ம மாதிரி சம்பளக்காரனுக்கோ இது நேரடி நஷ்டம். பழைய வரி முறையில் இருந்துக்கிட்டு வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கேட்டா, வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினதும் ஆபீஸ்ல ஓனரோட பான் எண்ணைக் கேட்பாங்க. ஓனர் தர மாட்டார். அவர் வரியை மறைக்க, நாம கூடுதல் வரி கட்டுறோம். பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்றா வாடகை ஒப்பந்தத்தைக் காட்டணும்னாலும் பதிவு செய்ததுதான் செல்லும்.

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் குறை இருக்கு. மொதல்ல அட்வான்ஸ். மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா அதுவே செல்லும்னும் சேர்த்துச் சொல்லுது. சென்னையில் 10 மாசம் கேட்கிற ஓனர் முன்னாடி, வேலையில் சேர்ந்த புதுப் பையன் 'மூணு மாசம்தான் தருவேன்'னு பேரம் பேச முடியுமா? 15,000 வாடகைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வட்டியில்லாம அங்க தூங்கும். உச்சவரம்புன்னு வெச்சுட்டு பக்கத்திலேயே கதவைத் திறந்து வெச்சா அது என்ன உச்சவரம்பு? ப்ரோக்ராம்ல இப்படி ஒரு கண்டிஷன் எழுதினா எங்க டீம் லீட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவார்.

ரெண்டாவது, இந்தச் சட்டம் இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குப் பண்ணின விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்காவது இதுக்கும் பண்ணலாமே. மின் கட்டண அட்டையின் பின்பக்கம் நாலு வரி அச்சடிச்சாலே வீடு வீடாப் போய்ச் சேர்ந்துடும்.

ஆனா அரசாங்கம் பண்ணட்டும்னு காத்திருக்க வேண்டியதில்லை. நாமளே செய்யக்கூடியது சிலது இருக்கு. புது வீட்டுக்குப் போகும்போது, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஒப்பந்தத்தைப் பேசுங்க, பணம் கை மாறினப்புறம் யாரும் காது கொடுக்க மாட்டாங்க. காலி செய்ய ரெண்டு தரப்புக்கும் எத்தனை மாச நோட்டீஸ், அது எழுத்தில்தான் வரணும் என்பதை ஒரு வரியாச் சேருங்க. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு இன்னொரு வரி. வாடகையை பேங்க் வழியா அனுப்புங்க, அதுவே ரசீது மாதிரி ஆதாரம். குடி போகிற அன்னைக்கே சுவர், குழாய், ஃபேன் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கே மெயில் பண்ணிடுங்க. ஓனர் போன்ல ஏதாவது சொன்னா, "சார், நீங்க சொன்னபடி இந்தத் தேதி, இந்தத் தொகை, சரிதானே?"ன்னு மரியாதையா ஒரு மெசேஜ் அனுப்பி பதில் வாங்கிக்கோங்க.

வீட்டை விட்டிருக்கிறவங்களுக்கும் அதே பட்டியல்தான். "நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில்: நம்பிக்கை இருக்கிறப்பவேதான் எழுதிக்க முடியும். சண்டை வந்தப்புறம் யாரும் கையெழுத்து போட மாட்டாங்க.

அப்பா இன்னும் முழுசா ஒத்துக்கலை. மாடியில் இருக்கிற அண்ணன்கிட்ட பேசினேன், அவருக்கு முழுச் சம்மதம். அவர் பொண்ணு பாஸ்போர்ட்டுக்கும் பதிவு செய்த ஒப்பந்தம் வேணுமாம். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ விண்ணப்பத்தோடதான் போறேன்.

உங்க ஊர்ல வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணின அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. எத்தனை தடவை அலைய வெச்சாங்க, என்னென்ன கேட்டாங்கன்னு விவரமா எழுதினா எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்ட வசதியா இருக்கும்.