வைனுக்கு ரூர், கள்ளுக்கு வேலியோரம்

புலம்பெயர்ந்த சொந்தக்காரர் யாராவது ஒருவர் இப்படி ஒரு படம் கட்டாயம் போட்டிருப்பார். பின்னால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். கையில் நீளக் காம்பு வைத்த கிளாஸ். முகத்தில் வெயிலும் சிரிப்பும். நாங்கள் எல்லாரும் போய் கீழே ஒரு இதயம் போட்டுவிட்டு வருவோம். அதே ஆள் ஊருக்கு வந்து, கள்ளுத் தவறணை வாசலில் பிளாவும் கையுமாக நின்று ஒரு படம் போட்டால் என்ன நடக்கும்? அடுத்த நாள் பெரியம்மா போன் எடுத்து அழுவா. குடும்ப மானம், தங்கச்சியின் கலியாணம் எல்லாம் கதைக்குள் வரும்.

இரண்டிலும் இருப்பது புளித்த சாறுதான். ஒன்று திராட்சையுடையது, மற்றது பனையுடையது. ஒன்றைக் குடிக்க ஆட்கள் காசு கட்டி, வான் பிடித்து, கைட் வைத்துப் போகிறார்கள். மற்றதைக் குடிக்க வேலியோரமாக, யாரும் பார்க்காத நேரத்தில் போகிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அதை மாற்ற வன்னியில் இருக்கிற எங்களால் ஏதாவது செய்ய ஏலுமா?

முதலில் அந்த வைன் ரூர் எப்படி நடக்கிறது எண்டு பார்ப்போம். எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறிய குழு. ஒரு நாளில் மூன்று நான்கு தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் வைன் செய்கிற ஆளோ அவருடைய வேலையாளோ வந்து மண்ணைக் காட்டுவார், கொடியைக் காட்டுவார், நிலவறையில் அடுக்கியிருக்கிற பீப்பாக்களைக் காட்டுவார். பிறகு கிளாசில் ஒரு மிடறளவு ஊற்றித் தருவார். சுழற்றிப் பார்க்க வேணும், மணக்க வேணும், வாயில் வைத்திருந்து சுவைக்க வேணும். விரும்பினால் பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தில் துப்பியும் விடலாம். வெறிக்கக் குடிக்கிற ஆளுக்கு இது தோதான இடமே இல்லை. சனம் காசு கொடுப்பது அந்த ஒரு மிடறுக்கு மட்டும் இல்லை. இந்த மண்ணில் ஏன் இந்தச் சுவை வருகிறது, போன வருசம் மழை பிந்தினபடியால் என்ன ஆனது என்று ஒரு விவசாயி சொல்லக் கேட்பதற்கும்தான். அந்த ரூரில் விலைபோவது செய்கிறவரின் அறிவு.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரிய சங்கதியும் இல்லை. மகாராஷ்டிரத்தின் நாசிக் ஒரு காலத்தில் கும்பமேளாவுக்கும் சாப்பாட்டுத் திராட்சைக்கும் பெயர்போன ஊர். ராஜீவ் சமந்த் என்பவர் அங்கே தொடங்கிய சுலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் முதல் வைனை வெளியிட்டது. 2005இல் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே தோட்டத்துக்குள் ஒரு மண்டபம் திறந்தார்கள். இன்றைக்கு மும்பையில் இருந்து வார இறுதியில் ஆட்கள் அங்கே போகிறார்கள். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கட பக்கத்திலேயே, வசாவிளான் தோலகட்டியில் செபமாலைதாசர் ஆச்சிரமத் துறவிகள் திராட்சை வைனும் நெல்லிரசமும் செய்து விற்றார்கள். யாழ்ப்பாணத்தில் நெல்லிரசம் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது தோலகட்டிதான். துறவி செய்தால் அதே புளித்த சாறுக்கு மரியாதை வந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

வன்னியில் திராட்சை நாடு இல்லை. ஆனால் பூநகரியில் இருந்து பரந்தன் பக்கமாக ஒருக்கால் வந்து பாருங்கள். கண்ணுக்கெட்டின தூரம் பனை. பளைப் பக்கம் பனையும் தென்னையும். அதில் ஏறுகிற ஆளிடம் இருக்கிற அறிவு எந்த வைன்காரரின் அறிவுக்கும் குறைந்தது இல்லை. ஆண்பனைப் பாளையைப் பதப்படுத்துகிற விதம் வேறு, பெண்பனையில் வேறு. எவ்வளவு நசிக்கலாம், எவ்வளவு மெல்லிசாகச் சீவலாம் என்பது கைக்குத்தான் தெரியும். கொஞ்சம் கூடினால் பாளை பழுதாகிவிடும். காலையும் மாலையும் ஏற வேணும். ஒரு நாள் விட்டாலே சாறு குறையும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிப்பான கருப்பணி. பூசாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். காலையில் இறக்கின கள்ளுக்கு ஒரு ருசி, பின்னேரம் அதே கள்ளுக்கு வேறு ருசி, மற்ற நாள் அது வினாகிரிப் பக்கம் போய்விடும். வைனை வருசக்கணக்காக அடைத்து வைக்கலாம். கள்ளு அந்த இடத்தில், அந்த நேரத்தில் மட்டும்தான். அப்படியென்றால் இடத்துக்கு வந்து சுவைத்துப் பார்க்க வேண்டிய பானம் உண்மையில் எது?

பிறகு ஏன் வேலியோரம்? காரணத்தை நாங்கள் எல்லாரும் அறிவோம், சொல்ல மாட்டோம். சாதி. சீவல் தொழில் செய்தவர்களைக் கிணற்றில் தண்ணி அள்ள விடவில்லை, கோயிலுக்குள் விடவில்லை, தேத்தண்ணிக் கடையில் சமமாக இருக்க விடவில்லை. ஆனால் அவர்கள் சீவின கள்ளு மட்டும் எல்லா வளவுக்கும் போனது. கை தீட்டு, கள்ளு தீட்டில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தையும், 1972இல் வந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலையும் பற்றி எங்கட வயதுக்காரரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1970களில் வந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளருக்கு ஒரு பிடிமானம் கொடுத்தன. ஆனாலும் ‘கள்ளுச் சீவுகிறவன்’ என்ற சொல் இன்றைக்கும் வன்னியில் வசைச்சொல்லாகத்தான் பாவிக்கப்படுகிறது. பிரான்சில் திராட்சைத் தோட்டக்காரர் என்றால் பெருமை. இங்கே அப்பா மரம் ஏறுகிறவர் என்று பிள்ளை வகுப்பில் சொல்லக் கூச்சப்படுகிறது. அந்தக் கூச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தது மரம் இல்லை, நாங்கள்.

எங்கட யோசனை இதுதான். வன்னியில் பனை ரூர் தொடங்க வேணும். சிறிய குழு, அரை நாள், ஒரு கிராமம்.

ரூர் என்றதும் சிலருக்கு வயிற்றைப் பிரட்டும் என்பது விளங்குகிறது. 2009க்குப் பிறகு வன்னி பார்த்த ரூர் அப்படி. தெற்கில் இருந்து பஸ் பஸ்சாக வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் படம் எடுத்தார்கள், பக்கத்தில் இருந்த கடையில் நினைவுப்பொருள் வாங்கினார்கள். முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடித்துக் கிடந்த ஃபரா 3 கப்பலைப் பார்த்தார்கள். புதுக்குடியிருப்பில் நிலத்தடி வீட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். 2013 ஐப்பசியில் இராணுவம் அதைத் தகர்க்கும்வரை அந்த வரிசை இருந்தது. அந்தப் பயணம் முழுக்க எங்கட ஊரைப் பற்றித்தான். ஆனால் எங்களில் ஒருவர்கூட கைட் இல்லை. அவர்கள் பலகையை வாசித்தார்கள், நாங்கள் தகரக் கொட்டில் வாசலில் நின்று பஸ்சைப் பார்த்தோம். வேடிக்கைப் பொருளாக இருப்பது எப்படி இருக்கும் எண்டு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் வைன் ரூரின் அந்த ஒரு விதியை மட்டும் நாங்கள் கடன் வாங்க வேணும்: யாருடைய மண்ணோ, யாருடைய கையோ, அவரே கதைக்க வேணும். கொழும்பு ஹொட்டேல் ஒன்று மைக் கொடுத்து அனுப்புகிற பெடியன் வந்து, மரத்தில் நிற்கிற அண்ணையைக் கீழிருந்து விரல் நீட்டிக் காட்டினால் அது பழைய பஸ்தான், வேறு பெயரில். அண்ணை இறங்கி வந்து, தளைநாரைக் கழற்றி வைத்துவிட்டு, தானே சொல்ல வேணும். அவர் விரும்பினதைச் சொல்லட்டும், விரும்பாததை விடட்டும். கட்டணத்தில் பெரும்பங்கு அவருக்கும் அவருடைய சங்கத்துக்கும். சாதிக் கதையை ரூரில் இருந்து வெட்டி எறிந்து, ‘பாரம்பரியம்’ என்று அலங்காரம் செய்யவும் கூடாது. பிளாவின் அழகைப் புகழ்கிறவர், அந்தப் பிளாவில் யாருக்கு யார் எவ்வளவு உயரத்தில் இருந்து ஊற்றினார்கள் என்பதையும் கேட்டுவிட்டுப் போக வேணும்.

அடுத்தது பெண்கள். தவறணையில் பெண்கள் இல்லை. ஆனால் பனையில் இருக்கிறார்கள். கருப்பணியைக் காய்ச்சுவது, புகைக்குள் நின்று பதம் பார்ப்பது, பனங்கட்டி வார்ப்பது, ஓலை வார்ந்து பெட்டி இழைப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்களின் கை. போருக்குப் பிறகு வன்னியில் தனியாக வீட்டைத் தூக்கி நிறுத்துகிற எத்தனையோ அக்காமார், அம்மாமாருக்கு இது நாள் வருமானம். எனவே ரூர் முதலில் போக வேண்டிய இடம் பனங்கட்டி காய்ச்சுகிற அடுப்படி. காலையில் ஒரு கிளாஸ் கருப்பணி, பிறகு சூடான பனங்கட்டி, கடைசியில்தான் கள்ளு, அதுவும் விரும்பினவருக்கு ஒரு பிளா. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்க முடியாது என்பது 2006இல் இருந்து சட்டம். கருப்பணிக்கு வயதுமில்லை, வெறியுமில்லை. ‘பெண்கள்’ என்ற சொல்லையும் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறணை வளவுக்குள் பெண்களுக்கு மது கொடுக்கக்கூடாது என்று 1979இல் வந்த தடையை, 2018 தை மாதம் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பானத்தைச் சுற்றி யார் இருக்கலாம் என்பதை எப்போதும் யாரோ ஒரு ஆம்பிளைதான் தீர்மானித்திருக்கிறார்.

இனி பெரிய கேள்வி. குடியால் அழிந்த வீடுகள் நிறைந்த வன்னியில் குடிக்கு ரூரா? இதைக் கேட்கிற அம்மாமாரை நாங்கள் பழமைவாதிகள் எண்டு தள்ள மாட்டோம். அவர்கள் சொல்வது உண்மை. சம்பளம் வீட்டுக்கு வராமல் பாருக்குப் போகிறது. அடி விழுகிறது. நுண்கடன் வாங்கின பெண் கட்ட முடியாமல் நிற்கிறா. 2024 மார்கழியில், புதிதாகக் கொடுக்கப்பட்ட 300க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிகளின் பட்டியல் நாடாளுமன்றத்தில் வெளியானபோது கிளிநொச்சியின் பெயரும் அதில் பெரிதாக அடிபட்டது. வேலைவாய்ப்பைத் தேடி வராத அரசியல், பார் பெர்மிட்டைத் தேடி வந்திருக்கிறது.

நாங்கள் கள்ளை மருந்து எண்டு விற்கப் போகவில்லை. சூட்டைத் தணிக்கும், உடம்புக்கு நல்லது என்று கதைவிடவும் இல்லை. அதுவும் மதுதான், அளவு மிஞ்சினால் அதுவும் வீட்டை அழிக்கும். ஆனால் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேணும். பாரில் போத்தலில் வருகிற சாராயத்தின் வலு கள்ளைவிடப் பல மடங்கு. அதன் லாபமும் ஊரில் தங்குவதில்லை. பனையில் இருந்து வருகிற காசு மரம் ஏறினவரின் வீட்டு உலைக்குப் போகிறது. இரண்டாவது, வெறிக்கக் குடிப்பதும் சுவைத்துப் பார்ப்பதும் ஒன்றில்லை. ஒரு பிளாவோடு இருந்து, அது எப்படி வந்தது என்று கேட்டு, கதைத்துவிட்டு எழும்புகிற பழக்கம் எங்கட பெடியளுக்கு யாரும் காட்டவில்லை. அவர்கள் பார்த்தது ஒளித்துக் குடிப்பதை மட்டும்தான். ஒளித்துக் குடிக்கிறவன் அவசரமாகத்தான் குடிப்பான்.

அப்படியும் ஒரு கிராமத்துப் பெண்கள் கூடி, எங்கட ஊரில் கள்ளு வேண்டாம், கருப்பணியோடு நிறுத்துங்கோ என்று சொன்னால், அந்த ஊரில் கருப்பணி ரூர்தான். அதில் விவாதம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை எங்களுக்கே. மரம் ஏறுவதைக் கவிதையாக்க வேண்டாம். விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இந்தத் தொழிலைத் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒரு தகப்பன் சொன்னால் அது அவருடைய உரிமை. ‘கலை அழிகிறது’ என்று புலம்பி, அதே குடும்பத்தை அதே மரத்தில் கட்டிவைக்க எங்களுக்கு என்ன அதிகாரம்? காப்புறுதி, நல்ல ஏறு கருவி, பருவம் இல்லாத மாதங்களுக்கு ஒரு வருமானம், இதெல்லாம் இல்லாமல் ரூர் மட்டும் வந்தால் அது எங்களுக்கு நல்ல படம், அவருக்குப் பழைய நோவு. இவை வந்தால், சாதி பார்க்காமல் யாரும் படித்து ஏறுகிற தொழிலாக அது மாறலாம். நாசிக்கில் திராட்சை வளர்க்கப் படிக்கிற பிள்ளையிடம் யாரும் ‘நீ எந்தப் பகுதி’ எண்டு கேட்பதில்லை என்று நம்புகிறோம்.

போரில் பங்கருக்காகத் தறிக்கப்பட்ட பனைகளுக்கும், ஷெல்லில் தலை போன பனைகளுக்கும் கணக்கில்லை. பனை ஒன்று பாளை விட 15, 20 வருசம் எடுக்கும். 2009க்குப் பிறகு நட்ட விதைகள் இப்போதுதான் அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன. அவை முதல் பாளை விடுகிறபோது கீழே யார் நிற்கப் போகிறார்கள் என்பது எங்கட கையில். வருகிற பங்குனியில், கருப்பணி இறங்குகிற நேரம், உங்கட ஊரில் மரம் ஏறுகிற ஒருவரிடம் போங்கள். ‘அண்ணை, இதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தருவீங்களோ?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை இருந்து கேளுங்கள். குடித்ததுக்குக் காசு கொடுக்கிற மாதிரி, சொன்னதுக்கும் காசு கொடுங்கள்.