யார் திறந்த கதவு?

அனுமதியில்லாமல் குடியிருப்பதையே கொடுங்குற்றமாக்கும் மசோதாவை எதிர்த்து, 2006 மே 1-ஆம் தேதி சிகாகோ வீதிகளில் லட்சக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். மகன் வீட்டுக்குப் போயிருந்த நானும் அவர்களோடு நடந்தேன்.

“முறையாக விசா வாங்கிப் போன நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கூலிகளுக்கும் என்ன சம்பந்தம்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

சம்பந்தம் உண்டு. இந்தியன் வெள்ளையன் அல்லன், ஆகவே அவனுக்குக் குடியுரிமை இல்லை என்று 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946-இல் மனமிரங்கி, ஆண்டுக்கு 100 இந்தியர் வந்து குடியேறலாம் என்றார்கள். 1965-இல்தான் கதவு திறந்தது. திறந்தவை நம் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்களா? இல்லை ஐயா! கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி, அடிபட்டு, அந்நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியதன் பலன் அது.

பிறர் நடந்து திறந்த கதவில் நுழைந்துவிட்டு, அடுத்தவன் முகத்தில் அதைச் சாத்துவதற்குச் சட்டத்தை மதிப்பது என்றா பெயர்? நன்றிகெட்டதனம் என்று பெயர்.