குடவோலைப் பெருமையும் படிக்கப்படாத பிரமாணப் பத்திரமும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு கல்வெட்டு தவறாமல் எழுந்து நடமாடத் தொடங்கும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுதான் அது. உலகுக்கே மக்களாட்சியைக் கற்பித்தவர்கள் நாம் என்று ஒருவர் சொல்வார், ஏனையோர் தலையாட்டுவோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரைக் குறிப்பிட்ட பிறகு இந்தப் பெருமிதத்துக்குக் கட்சி பேதமும் இல்லாமல் போயிற்று. இந்தப் பெருமிதத்தோடு நமக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதில் முதல் குற்றவாளிகள் நாமே என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

அக்கல்வெட்டு உண்மையில் என்ன சொல்கிறது? அது ஒரு பிராமணச் சபையின் விதிமுறை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். அந்த நிலத்தை உழுதவர்களுக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. ஓலையை எடுத்தது ஏதுமறியாச் சிறுவன் ஒருவன். அங்கே நடந்தது திருவுளச்சீட்டு. வாக்காளர் என்று ஒருவர் அங்கே இருக்கவேயில்லை.

ஆனால் நாம் மேற்கோள் காட்ட மறக்கும் ஒரு விதி அதே சுவரில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் வரக் கூடாது. எந்தெந்த உறவினர் என்று கல்வெட்டு ஒவ்வொரு முறையாக எண்ணிச் சொல்கிறது. ஏரி வாரியமாயினும் தோட்ட வாரியமாயினும் ஆய்வு முழுவதும் ஓலை குடத்துக்குள் விழும் முன்பே முடிந்துவிடும்.

இன்றைய சட்டம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது, நல்லதற்காகவே ஆக்கியிருக்கிறது. நிலமோ படிப்போ கேட்காமல் வாக்கை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஆராயும் பொறுப்பையும் நம் கையிலேயே தந்திருக்கிறது. வேட்பாளரின் குற்ற வழக்குகளையும் சொத்தையும் கடனையும் கல்வியையும் அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. கட்சிகள் வேறுபாடின்றிக் கைகோத்து அதை நீர்த்துப்போகச் செய்யச் சட்டம் கொண்டுவந்தன. 2003இல் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. பத்திரத்தில் கட்டங்களைக் காலியாக விடக் கூடாது என்றது 2013இல். வருமானம் எவ்வழியில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்றது 2018இல். கட்சிகளுக்குப் பணம் தந்தவர் யார் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் ரத்து செய்ததும் இதே அறியும் உரிமையின் பெயரால்தான்.

இத்தனை ஆண்டுப் போராட்டத்தின் விளைவுதான் படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையம் அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு முறையேனும் அதைப் படித்திருக்கிறோம்? சங்கப் பாடலொன்றின் பாடபேதத்துக்காக இரவு முழுவதும் வாதிடும் நமக்கு இந்தச் சில பக்கங்களுக்குப் பொறுமை இல்லை. அதையும் ஒரு பிரதியாகவே வாசிக்கலாமே. வழக்கு என்றால் எந்தப் பிரிவு? மறியலுக்குப் போட்ட வழக்கா, கொலை முயற்சியா? குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா? வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அதே நபர் ஐந்தாண்டுகளுக்கு முன் தந்த பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உத்திரமேரூர் கேட்ட கணக்கு கண்ணெதிரே விரியும்.

தகுதி பார்த்து வாக்களி என்பது பழைய வேதத் தகுதியின் மறு அவதாரமல்லவா, எழுத்தறியாத மக்களை இழிவுபடுத்துவதல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வாக்குக்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. கடல் தன் குடிசையை நோக்கி எத்தனை அடி வந்திருக்கிறது என்பது மாமல்லபுரம் கரையோர மீனவப் பெண்ணுக்குத் தெரியும். வாக்குக் கேட்டு வருபவரிடம் அதை அவர் முகத்துக்கு நேரே கேட்கவும் செய்கிறார். நம் குற்றச்சாட்டு அவர்மீதல்ல. எழுத்தறிந்தும் படிக்காத நம்மீதுதான்.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. செங்கல்பட்டுக்கு அருகே ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்துக்கு 2012இல் ஒப்புதல் கிடைத்தது. கட்டடமும் இயந்திரங்களும் வந்த பின்னும் உற்பத்தி தொடங்காமலே அது கிடந்தது. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், முதலமைச்சர் நேரில் சென்று பார்த்தபோதுதான் நாடு அதைப் பற்றிப் பேசியது. இடையில் 2014, 2016, 2019, 2021 என நான்கு பொதுத் தேர்தல்கள் வந்து போயின. வாசலுக்கு வந்த எந்த வேட்பாளரிடமும் நாம் அதைக் கேட்கவில்லை; அப்படியொன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

நாம் தேர்ந்தெடுப்பவர் தொகுதிக்கு மட்டும் உரியவரல்லர். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அவர் கையில் இருக்கிறது. 1971 மக்கள்தொகையின்படி தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அந்த வாக்குக்கு மதிப்பு 176. கட்சிக் கொறடா அங்கே உத்தரவிட முடியாது, வாக்கு இரகசியமானது. நம் பெயரால் அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. அவரை நாம் ஆராய முடிகிற காலம், நம் விரலில் மை படுவதற்கு முந்தைய சில வாரங்கள்தாம்.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு மாதக் கூட்டத்தைக் கவிதையின்றி நடத்துவோம். செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் தொகுதிகளின் வேட்பாளர்கள் தந்த பத்திரங்களை, நமக்குப் பிடித்த கட்சியிலிருந்தே தொடங்கி, உரக்க வாசிப்போம். படிக்க இயலாதவர்களையும் அழைத்து அமரவைப்போம். அதைச் செய்யும் வரை உத்திரமேரூரின் பெயரை நம் மேடைகளில் உச்சரிக்காமலிருப்பதே அந்தக் கல்லுக்கு நாம் செய்யும் மரியாதை.