இணையத் தேடுபொறியில் தமிழ் ஆய்வுகள்: கிட்டாமைக்குப் பொறுப்பு யாருடையது?

ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணிப்பொறித் திரைக்கும் நம் தமிழ் வந்து சேர்ந்த வரலாறு பெருமைக்குரியது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்புகளாக்கியது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. இன்று கல்லூரிகள் பலவும் தமக்கென இணையதளம் அமைத்து, தமிழ்த்துறைகளின் கட்டுரைகளையும் கருத்தரங்க உரைகளையும் அவற்றில் இடுகின்றன.

இட்டவை கற்பார் கையில் கிட்டுகின்றனவா? இதுவே நம் வினா. உமறுப்புலவரைப் பற்றி எழுத விழையும் மாணவர் இன்று முதலில் நாடுவது நூலகத்தை அன்று, தேடுபொறியை. அங்கே முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் ஒன்றையொன்று படியெடுத்த, ஆசிரியர் பெயரும் சான்றும் அற்ற பக்கங்களே என்பதை, மாணவர்தம் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் அறிவர். முதலில் கிட்டுவதே மாணவர் மனத்தில் உண்மையாகப் பதிந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய ஆய்வோ குடத்துள் இட்ட விளக்காய் மறைந்து கிடக்கிறது.

தேடுபொறிகள் தமிழைப் புறக்கணிக்கின்றன என்று கூறுவார் உளர். இக்கூற்றை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. தேடுபொறி முதலில் இணைப்புகளின் வழியே பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. பின் படித்த சொற்களை அட்டவணைப்படுத்துகிறது. யாரேனும் வினவும்போது பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. 1998-இல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது கையாண்ட புதுமை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைச் சான்றுரையாகக் கொண்டமையே. ஆய்வுலகில் பிறரால் மேற்கோள் காட்டப்பெறும் நூல் மதிப்புறுவது போன்றது இது. ஆகவே, ஆய்வாளர்க்கு இம்முறை அயலானதன்று.

பொறி படிக்க இயலாத வடிவில் எழுத்தைத் தந்துவிட்டு அதன்மேல் பழி சுமத்துதல் முறையாகுமா? முன்னாளில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தினர். அவற்றுள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது பொறிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்துவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவிலும், பக்கத்தை அப்படியே படம்பிடித்தும் கட்டுரைகளை இடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் கருவிகள் இந்நாளில் உள. எனினும் மங்கிய அச்சையும் நெருங்கிய வரிகளையும் அவை பிழையறப் படித்துவிடும் என நம்பி வாளாவிருத்தல் ஆகாது.

அடுத்தது தலைப்பு. கவிநயம் சொட்டத் தலைப்பிடுதல் தமிழாசிரியர்க்கே உரிய பழக்கம். 'தேன்துளிகள்' என்று பெயர் சூட்டப்பெற்ற கட்டுரை, சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை ஆராய்வது என்பதைத் தேடுபவர் எங்ஙனம் அறிவார்? நூற்பெயர், புலவர் பெயர், ஆராயும் பொருள் ஆகிய மூன்றும் தலைப்பிலேயே விளங்கித் தோன்ற வேண்டும். வேற்றுமை உருபேற்றும் புணர்ந்தும் திரியும் தமிழ்ச்சொற்களை, அவற்றின் மூலச்சொல்லோடு ஒன்றெனக் காண்பதில் பொறி எப்போதும் வல்லதன்று. ஆதலின் பெயர்களை ஓரிடத்திலேனும் உருபேற்காமல் தனித்து எழுதுதல் நலம். அரபுப் பெயர்களில் இச்சிக்கல் இன்னும் மிகுதி. முகம்மது, முஹம்மது, முகமது எனப் பலவாறு எழுதுகிறோம்; உமறு என்றும் உமர் என்றும் வழங்குகிறோம். கட்டுரையின் முகப்பில் இவ்வேறுபாடுகளை ஒரு வரியில் சுட்டினால், எவ்வடிவில் தேடுபவரும் வந்து சேர்வர்.

மற்றொரு குறை, தளத்தைப் புதுப்பிக்கும்தோறும் பழைய முகவரிகளை அழித்துவிடுதல். பிறர் தந்த இணைப்புகள் யாவும் அன்றே பயனற்றுப் போகின்றன. வீடு மாறுவோர் புது முகவரியை அஞ்சலகத்தில் கொடுத்துச் செல்வதுபோல, பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு செய்தே தளத்தை மாற்ற வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, குறுக்குவழி இல்லையா எனச் சிலர் கேட்கலாம். ஒரே சொல்லை நூறு முறை அடுக்குதல், பின்னணி நிறத்திலேயே எழுத்தை மறைத்து வைத்தல், பணம் கொடுத்து இணைப்புகளை வாங்குதல் எனக் குறுக்குவழிகள் பல உண்டு. அவற்றின் முடிவு இழிவே. 2006-இல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளம், பொறிக்கு ஒன்றும் வாசகர்க்கு வேறொன்றும் காட்டியமைக்காகக் கூகுளின் பட்டியலிலிருந்தே சில நாள் நீக்கப்பட்டது. 2011-இல் 'பாண்டா' என்னும் மாற்றம் சாரமற்ற பக்கங்களையும், 2012-இல் 'பெங்குவின்' என்னும் மாற்றம் போலி இணைப்புகளையும் பின்னுக்குத் தள்ளின. பெரு நிறுவனத்துக்கே இக்கதியென்றால், நேர்மையைக் கற்பிக்கும் கல்விக்கூடத்துக்கு இவ்வழி அடுக்குமா?

'எழுதுவது எம் கடன். விளம்பரம் வணிகர் தொழில்' என்று ஒதுங்குவாரும் உளர். டாக்டர் உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாட்டு முதற்குறிப்பு அகராதியையும் அரும்பத அகராதியையும் உழைத்துச் சேர்த்தது விளம்பரத்துக்காகவா? தேடுவோர் தேடியதைக் கண்டடைய வேண்டும் என்னும் பரிவினால் அன்றோ! 5,027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்துள் ஒரு பாட்டைத் தேடி அலைந்தவர்க்கே அகராதியின் அருமை புரியும். இணையத்தில் தெளிவான தலைப்பும், ஒருங்குறி எழுத்தும், அழியா முகவரியும் செய்வது அப்பணியையே.

இன்று வினாவுக்கு விடையைத் தாமே தொகுத்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவையும் தமக்குப் படிக்கக் கிடைத்ததைக் கொண்டே விடை கூறும். நல்ல தமிழாய்வு அவற்றுக்கு எட்டாதிருக்குமாயின், பிழைமலிந்த எழுத்தே நாளைய தலைமுறைக்கு ஆசானாகிவிடும்.

எனவே ஒன்று வேண்டுகிறோம். ஒவ்வொரு தமிழ்த்துறையும் தான் வெளியிடும் மலர்களின் கட்டுரைகளைத் தனித்தனிப் பக்கங்களாக, ஆசிரியர் பெயரும் ஆண்டும் பொருளும் விளங்க, ஒருங்குறியில் ஏற்றட்டும். ஒரு துறை மற்றொரு துறையின் நல்ல கட்டுரைக்கு மனமுவந்து இணைப்புத் தரட்டும். தட்டச்சறிந்த மாணவமணிகள் திங்களுக்கு ஒரு பழைய கட்டுரையைப் பிழையறப் பதிவேற்றினும் சில ஆண்டுகளில் ஒரு கருவூலம் உருவாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. இடையறா முயற்சி போதும். நிருவாகத்தாரும் ஆசிரியர்களும் சமுதாயப் பெரியோரும் ஒன்றுகூடி இதற்கு ஆவன செய்வோமாக!