பஸ் எத்தனை அடி நீளம்? மலைக்குப் போகுமுன் கேளுங்கள்!

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் நாரணாபுரத்தில் யாருக்கும் ஓய்வு கிடையாது.

சிவகாசியை ஒட்டிய ஊர் அது. பலருக்குப் பட்டாசுதான் சோறு போடுகிறது. பட்டாசு ஆலை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. "பயர் ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள்.

தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீஸ்களில் வேலை ஓயும். சில வாரங்கள் கை சும்மா இருக்கும். குடும்பத்தோடு வெளியூர் போய் வர அதுதான் நேரம். வாரம் இவ்வளவு என்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில், தெருவே சேர்ந்து ஒரு பஸ்சைப் பிடித்து விடும். முருகனைப் பார்க்கப் பழனி. அப்படியே கொடைக்கானல்!

இங்கேதான் ஒரு சிக்கல் வந்திருக்கிறது.

2024-ம் ஆண்டு தீபாவளி, அக்டோபர் 31-ந் தேதி வந்தது. அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, திண்டுக்கல் கலெக்டர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களும், கனரக வண்டிகளும் நவம்பர் 18-ந் தேதி முதல் கொடைக்கானல் மலை ஏறக் கூடாது என்பதே அது.

12 மீட்டர் என்றால் 39 அடி 4 அங்குலம்.

இப்போது ஓடும் புதிய சொகுசு பஸ்களில் 13½ மீட்டர் நீளம் உள்ளவை உண்டு. 15 மீட்டரும் உண்டு. அதாவது 49 அடி! பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறையைச் சேர்த்து வைத்தது போல இருக்கும்.

பஸ் பெரிதாக இருந்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும். அதனால்தான் ஜனங்கள் பெரிய பஸ்சைத் தேடுகிறார்கள். ஆனால், மலையடிவாரத்தில் அந்த பஸ் நிறுத்தப்பட்டால்? ஐம்பது பேரும் இறங்கி, வேறு வேன் பேச வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்து விடும்.

ஏன் இந்தத் தடை?

நீளத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். டிரைவர் கெட்டிக்காரராக இருந்தால் போதாதா?

போதாது.

வெள்ளை அடிக்கும் ஏணியை இரண்டு பேர் தூக்கிக் கொண்டு, சந்து முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிறவர் திரும்பி விடுவார். ஏணியின் நடுப்பகுதி சுவரில் இடிக்கும். இடிக்காமல் இருக்க, பின்னால் வருகிறவர் எதிர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஏணி எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் ஒதுங்க வேண்டும்.

பஸ்சும் அப்படித்தான். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. வளைவின் உள்பக்கமாக வெட்டிக் கொண்டு போகும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கூடக் கூட, இந்த வெட்டும் கூடும். உள்பக்கம் பாறை இருந்தால் உரசும். பள்ளம் இருந்தால் சக்கரம் இறங்கும்.

இதைத் தவிர்க்க டிரைவர் என்ன செய்வார்? வெளிப்பக்கம் ஒதுங்கி, பிறகு திருப்புவார். வெளிப்பக்கம் என்பது எதிரே வருகிறவனின் பாதை! அவன் நிற்பான். அவன் பின்னால் பத்து வண்டி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக் கொண்டிருக்கும் வால் பகுதி, திரும்பும் போது எதிர்ப்புறமாக வீசும். ஓரத்தில் சோளம் சுட்டு விற்கிற அம்மாளுக்கு அது தெரியாது.

வளைவை அகலப்படுத்தி விடலாமே என்பார்கள். சமவெளியில் அது சுலபம். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓட வேண்டும் என்பதற்காகவே ரத வீதிகளை அகலமாக விட்டிருக்கிறார்கள். அப்படி இருந்தும், மூலைக்கு மூலை முட்டுக்கட்டை போட்டுத்தான் தேரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. மலையில் ரத வீதிக்கு எங்கே போவது? ஒரு பக்கம் குடைந்தால் மண் சரியும். மறு பக்கம் பள்ளத்தாக்கு.

அமெரிக்காவிலும் இதே தொல்லை

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியது அல்ல. வசதி மிகுந்த அமெரிக்காவிலும் இருக்கிறது.

சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களும் அப்படி ஒரு வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்கின்றன. உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. காட்டில் சர்க்கார் அமைத்த முகாமில், ஒதுக்கிய இடத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று நாள் தங்குவார்கள்.

அந்த முகாம்களுக்கு ஒரு கதை உண்டு.

முன்பெல்லாம் ஜனங்கள் மரத்தடியில் இஷ்டம் போல் காரை நிறுத்தினார்கள். எமிலியோ மைனக்கி என்ற மரநோய் ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்தார். காலும் சக்கரமும் மிதித்து மிதித்து மண் கெட்டியாகி விடுகிறது. வேருக்குத் தண்ணீரும் காற்றும் போவதில்லை. பெரிய பெரிய மரங்களும் நலிகின்றன என்று கண்டார். 1930-களில் அவர் சொன்ன யோசனையைச் சர்க்கார் ஏற்றது. ஒருவழிப் பாதை போட்டார்கள். அதிலிருந்து சாய்வாகக் கிளை வெட்டி, ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம் என்று ஒதுக்கினார்கள். கட்டையும் பாறையும் வைத்து, கார் அதைத் தாண்டாதபடி அடைத்தார்கள்.

1956 முதல் 1966 வரை, பத்தாண்டுத் திட்டம் ஒன்றின் கீழ் தேசியப் பூங்காக்களில் மேலும் பல முகாம்கள் வந்தன. எல்லாம் அந்தக் காலத்து வண்டியின் அளவுக்கு!

வண்டி வளர்ந்தது. 30 அடியைத் தாண்டிய இழுவை வீடுகள் இன்று சர்வ சாதாரணம். இடம் வளரவில்லை. பழைய முகாம்கள் பலவற்றில் 25 அடி, 27 அடிக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். இடத்தை நீட்டலாம் என்றால், வேர் நிற்கிறது. எந்த மரத்தைக் காக்க இடத்தை அளந்தார்களோ, அதே மரத்தை வெட்ட வேண்டும்.

வாங்கும் போது சொல்லும் நீளமும் ஏமாற்றும். 25 அடி என்பார்கள். காரில் மாட்டும் முன்கொக்கியைச் சேர்த்தால் 28 அடி வந்து விடும். இழுத்து வந்த கார் ஒரு 16 அடி. ஆக 44 அடி! 35 அடி இடத்தில் இதை எப்படி அடக்குவது?

அனுபவசாலிகள் காரைக் கழற்றிப் பக்கத்தில் குறுக்காக நிறுத்துகிறார்கள். அல்லது பின் சக்கரம் கட்டையைத் தொடும் வரை தள்ளி, வால் பகுதி கட்டைக்கு அப்பால் தொங்கும்படி விடுகிறார்கள். பின்னால் செடியோ மரமோ இல்லாவிட்டால் இது நடக்கும். முன்பக்கம் பாதையில் நீட்டிக் கொண்டிருந்தால் காவலர் வந்து கிளப்பி விடுவார்.

மலைப்பாதைக்கும் அங்கே கணக்கு உண்டு. மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில், உயரமான பகுதிக்கு 21 அடிக்கு மேற்பட்ட வண்டி போக முடியாது. முன்பின் பம்பர்களையும் சேர்த்துத்தான் 21 அடி! அதோடு ஒப்பிட்டால், கொடைக்கானலில் 39 அடி வரை விடுவது தாராளம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டிலும் கேரவன் சுற்றுலா தொடங்கி விட்டது. கேரள அரசு 2021-ல் இதற்கென்று ஒரு கொள்கை அறிவித்தது. 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் கேரவன் நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. நாம் இப்போதுதான் இடங்களைப் புதிதாக அமைக்கப் போகிறோம். எத்தனை அடி வண்டிக்கு இடம் விடுவது, எத்தனை அடிக்கு மேல் வராதே என்பது என்று முதலிலேயே முடிவு செய்யலாம். வாகனம் பெருத்த பிறகு மரத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

கூட்டம் ஒரு தனித் தொல்லை. ஐகோர்ட்டு உத்தரவின்படி 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில், கொடைக்கானலுக்கு நாள் ஒன்றுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 என்று ஐகோர்ட்டு வரம்பு கட்டியது. எத்தனை வண்டி என்று எண்ணினால் போதாது. எத்தனை அடி என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கலெக்டரின் உத்தரவு.

ஆனால், ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். தடை போடுவது சுலபம். நீளமான பஸ்சில் வந்துவிட்ட ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? வத்தலக்குண்டிலும் பழனியிலும், மலை ஏறுமுன் பெரிய பஸ்களை நிறுத்த விசாலமான இடமும், அங்கிருந்து மேலே போகச் சிறிய அரசு பஸ்களும் தாராளமாக இருக்க வேண்டும். கட்டணம் முன்கூட்டியே தெரிய வேண்டும். மலையடிவாரத்தில் ஐம்பது பேர் குழந்தைகளோடு நின்றால், வேன்காரர் சொல்வதுதான் விலை!

அடுத்த தீபாவளிக்குச் சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்சுக்கு அச்சாரம் கொடுக்கும் போது டி.வி. இருக்கிறதா, ஏ.சி. இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எத்தனை மீட்டர் என்றும் கேளுங்கள். ரசீதில் எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் தையல் டேப் ஐந்து அடிதான். கொத்தனாரிடம் நீளமான டேப் இருக்கும்.